முதல் வணக்கம் இல்லாத பாட்டு

கதிர்,

திங்கட்கிழமை காலையிலிருந்து கோலாலம்பூரில் உனக்கென்று ஒரு மேசை. அந்த மேசையில் உள்ள கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் யாரோ ஒருவருடைய பாட்டு எல்லாத் தளங்களிலிருந்தும் மறைந்துபோகும். இன்னொன்றை அழுத்தினால் மறைந்த பாட்டு திரும்பி வரும். இணையத்தில் பாட்டு விநியோகிக்கும் கம்பெனியில் காப்புரிமைப் புகார் பார்க்கிற வேலை என்று சொன்னால் நம் சொந்தக்காரர்கள் தலையாட்டிவிட்டு, "அப்ப கவர்மெண்ட் வேலை இல்லையா?" என்று கேட்கிறார்கள். அது என்ன வேலை என்று இந்த வீட்டில் எனக்குத் தெரியும். ஈப்போவில் அதே வேலையைப் பார்த்துத்தான் உன்னைப் படிக்கவைத்தேன். வாயால் சொன்னால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டுவாய் என்பதால் எழுதுகிறேன். உன்னைப் போல இந்த வேலைக்குப் போகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன். கூச்சப்படாதே. இதில் நீ திட்டு வாங்குகிற இடமும் உண்டு, நான் தலைநிமிர்ந்து நடந்த இடமும் உண்டு. இரண்டாவதுதான் அதிகம்.

வேலையின் எலும்புக்கூடு எளிது. ஒருவர் நம் கம்பெனி வழியாகப் பாட்டை எல்லாத் தளங்களிலும் ஏற்றுகிறார். இன்னொருவர் "அது என்னுடையது" என்று புகார் கொடுக்கிறார். நாம் பாட்டை இறக்கிவைத்துவிட்டு, ஏற்றியவருக்குச் சொல்கிறோம். அவர் ஒப்புக்கொள்ளலாம், அல்லது "இல்லை, எனக்கு உரிமை உண்டு" என்று கையெழுத்திட்டு மறுப்பு அனுப்பலாம். மறுத்தபின் ஒரு காத்திருப்புக் காலம். அதற்குள் புகார் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லையென்றால் பாட்டு திரும்பி வரும். இந்த எலும்புக்கூட்டை உனக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதன்மேல் இருக்கிற சதையைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வழக்கறிஞர் எழுதியதுபோல ஒரு புகார் வந்தது. சட்டப் பிரிவுகள், எச்சரிக்கைகள், ஒரு கமாகூடத் தப்பில்லாத ஆங்கிலம். அதே நாளில் இன்னொன்று: எல்லாம் பெரிய எழுத்தில், மலாயும் தமிழும் கலந்து, பாதி வசவு. முதலாவதை எழுதியவரிடம், "இந்தப் பாட்டை எந்த இடத்தில் பதிவு செய்தீர்கள்? கூட யார் இருந்தார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினேன். அதோடு அந்த மனிதர் காணாமல் போனார். வசவு எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பதிவு செய்த அறையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி வியர்த்துக் கொட்டியதுவரை சொன்னார். பாட்டு அவருடையதுதான். மரியாதையாக எழுதத் தெரிந்தவன் எல்லாம் சொந்தக்காரன் இல்லை, கதிர். கோபத்தில் எழுதுகிறவள் எல்லாம் பொய்க்காரியும் இல்லை. உன் பாட்டுக்கு எதிராக வந்த புகாரில் இது எனக்கு எப்படி உதவியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஈப்போவில் நம் புந்தோங் பகுதியில் நீயும் உன் கூட்டாளிகளும் உறுமி மேளக் குழு தொடங்கியபோது, "படிப்பைப் பாருடா" என்று உன் அப்பாதான் முதலில் முணுமுணுத்தார். அப்புறம் உங்கள் மேளங்களை ஏற்றிக்கொண்டு போக வேன் ஓட்டியதும் அவர்தான். நீங்கள் பாடியதில் ஊர் முழுக்கப் பிடித்துப்போனது அந்த முனியாண்டி பாட்டு. தெலுக் இந்தான் ஊர்க் குழு ஒன்று பாடக் கேட்டுக் கற்றுக்கொண்டது. நம் குழுக்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே: வேறு கோயிலின் பாட்டை எடுத்துப் பாடினால், மேளம் விழுவதற்கு முன் அந்தக் கோயில் சாமியைக் கூப்பிட்டு முதல் வணக்கம் சொல்லிவிட்டு, பிறகுதான் தன் சாமிக்கு வரவேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் சாலையில் பாடும்போது நீங்கள் ஒருமுறைகூட அதைத் தவறவிட்டதில்லை. பதிவு செய்து இணையத்தில் ஏற்றும்போதுதான் வெட்டிவிட்டீர்கள். "ஆரம்பம் இழுத்தால் கேட்பவர்கள் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுவார்கள், முதல் சில நொடிகளிலேயே பிடியுங்கள்" என்று எங்கள் அலுவலகமே கலைஞர்களுக்கு ஆலோசனை அனுப்புகிறது. நீ அதைப் படித்துவிட்டு வணக்கத்தை நறுக்கினாய். வெளியான பாட்டை நானும் கேட்டேன், சமைத்துக்கொண்டே. எனக்கும் உறைக்கவில்லை.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் புகார் என் திரையில் வந்தது. திறந்தேன், 'ஏற்றியவர்' என்ற இடத்தில் உன் பெயர். முன்பே எங்கிருந்தோ இறக்கிய ஒரு தாளத்துண்டைப் பயன்படுத்தியதற்காக உன் கணக்கில் ஒரு புகார் உறுதியாகியிருந்தது. இதுவும் உறுதியானால் கணக்கை மூடிவிடுவார்கள், உங்கள் குழு அதுவரை ஏற்றிய அத்தனை பாட்டும் போய்விடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் எழுந்துபோய் பக்கத்து மேசை சூ லின்னிடம், "இது என் மகனுடையது. நான் தொடக்கூடாது. நீ பார்" என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கோப்பைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டாள், விதிப்படி பாட்டை இறக்கினாள். அவள் இறக்கும்போது நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்துபோய்விட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். "நீ அங்கதானம்மா வேலை செய்யுற! ஒரு கிளிக்! ஒரே ஒரு கிளிக்!" என்று கத்தினாய். "அதனாலதான் முடியாது" என்றேன். "வேற எந்த அம்மாவா இருந்தாலும் செஞ்சிருப்பாங்க" என்றாய். "வேற அம்மாவுக்கு அந்த பட்டன் எங்க இருக்குன்னே தெரியாதுடா" என்றேன். உன் அப்பா சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். நீ உடனே மறுப்பு அனுப்பப்போவதாகச் சொன்னாய். "இது எல்லா எஸ்டேட்லயும் பாடுற பாட்டு, அவங்க கோர்ட்டுக்கா போகப்போறாங்க?" என்றாய். நீ சொன்னது சரிதான், அவர்கள் போகமாட்டார்கள். ஆனால் காத்திருப்புக் காலம் முடிவதற்குள், இந்தப் பாட்டு ஒலிக்கவேண்டிய தைப்பூசம் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பாட்டை ஏற்றிய படிவத்தில் 'இயற்றியவர்' என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டிருந்தாய். "அந்த இடத்தை வெறுமையா விட்டா ஏத்தவே விடலம்மா" என்றாய். மறுப்பில் கையெழுத்துப் போட்டால், நீ எழுதாத பாட்டை எழுதினேன் என்று உறுதிமொழி கொடுக்கிறாய். அதைச் சொன்னதும் உன் குரல் இறங்கியது.

அப்போது எனக்கு உன் ஆரம்பப்பள்ளிக் கதை ஒன்று ஞாபகம் வந்தது. விளையாட்டுப் போட்டிக்கு நீ சிவப்பு இல்லத்துக்காக ஒரு கோஷம் எழுதினாய். மைதானத்தில் நீல இல்லத்துப் பிள்ளைகள் நிறத்தை மட்டும் மாற்றி அதையே கத்தினார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்று கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். நான் குனிந்து, "கத்திட்டுப் போறாங்க, விடுடா" என்றதற்கு, "கத்தட்டும்மா. கதிர் எழுதுனதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கத்துனா என்னவாம்?" என்று கேட்டாய். அதை உனக்கு ஞாபகப்படுத்தினேன். பிறகு நான் ஒன்று கேட்டேன். புகார் மேசையில் உட்காரும்போது நீயும் இதைத்தான் முதலில் கேட்கவேண்டும். "போன வருசம் முழுக்க ரோட்டில் இந்தப் பாட்டைப் பாடினீங்க. அப்பல்லாம் வராத புகார் இப்ப ஏன் வருது?"

உனக்கு வந்த அறிவிப்பிலேயே புகார் கொடுத்தவரின் பெயரும் எண்ணும் இருந்தன. புஷ்பா, தெலுக் இந்தான். நீங்கள் பாட்டைக் கற்றுக்கொண்ட அதே குழு; அவர்கள் முன்பே ஏற்றியிருந்த பதிவைக் காட்டித்தான் புகார். நீ கூப்பிடப் போனாய், நான் தடுத்தேன். தொலைபேசியில் பேசினால் சண்டைதான் நடக்கும், நேரில் போனால் குறைந்தது உட்காரச் சொல்வார்கள். எங்கே பார்க்கலாம் என்று மட்டும் கேட்டுச் செய்தி அனுப்பினோம். "காலையில பசார்ல இருப்பேன். வர்ற தைரியம் இருந்தா வாங்க" என்று பதில் வந்தது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அந்தச் சாலையில் போகும்போது நீ சொல்லவேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்.

சந்தையில் காய்கறிக் கடை. என் வயதுதான் அவளுக்கு. கையில் கீரைக்கட்டு, காதில் இரண்டு பக்கமும் பெரிய வளையம். நம்மைப் பார்த்ததுமே கண்டுகொண்டாள்.

"யாரு, புந்தோங் பசங்களா? கீரை வேணுமா, சண்டை வேணுமா? ரெண்டுமே ஃப்ரெஷ்ஷாத்தான் இருக்கு."

நீ மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்பித்தாய். "ஆன்டி, அந்தப் பாட்டு எல்லா எஸ்டேட்லயும் பாடுறதுதான். உங்களுது மட்டும் இல்ல."

"அப்படியா? அப்ப கீழ உன் பேரை ஏன்டா போட்டிருக்க? எல்லா எஸ்டேட்டும் நீதானா?"

பக்கத்து மீன்கடை அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தது உனக்குக் கேட்டிருக்கும். நான் அப்போதுதான் வாய் திறந்தேன். "புஷ்பா, நான் இந்தப் பையனோட அம்மா. இவனுங்க போன வருசமே இதைப் பாடினானுங்க. நீங்க கேட்டிருக்கீங்களா?"

"கேட்டிருக்கேனாவா?" கீரைக்கட்டை வைத்தாள். "ஈப்போவுல தேர் போற ரோட்டுல நின்னேன் அக்கா. இவனுங்க பாட ஆரம்பிச்சானுங்க. 'தெலுக் இந்தான் ஆத்தங்கரை முனிக்கு மொத வணக்கம்'னு இழுத்துக் கூப்பிட்டானுங்க பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. எங்க அண்ணனை இழுத்துட்டு வந்து காட்டுனேன். தண்ணிப் பந்தல்ல இவனுங்களுக்கு மோர் ஊத்துனதே நான்தான். அப்புறம் போன்ல வந்திருச்சுன்னு சொன்னாங்க. ஆசையாத் திறக்குறேன். மேளம் வருது, பாட்டு வருது, எங்க சாமியக் காணோம். ரோட்டுல கூடவே வந்த சாமிய போன்ல ஏன்டா எறக்கி விட்டீங்க?"

நான் கேட்டேன், "அதுக்கு ஏன் திருட்டுன்னு புகார் கொடுத்தீங்க?"

"வேற என்னான்னு குடுக்கிறது? 'எங்க சாமி பேரை வெட்டிட்டானுங்க'ன்னு தட்ட ஒரு கட்டம் இருந்துச்சா அதுல? இல்லலா! 'என் பாட்டை எடுத்துட்டாங்க'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. தட்டிட்டேன்."

கதிர், அந்த இடத்தில் எனக்குள் ஒரு மத்தாப்பு எரிந்தது. இத்தனை காலம் நான் படித்த அத்தனை புகார்களும் கண்முன்னால் வந்தன. ஜனங்களுக்கு ஆயிரம் விதமாக வலிக்கிறது. நாம் வைத்திருப்பது நாலைந்து கட்டங்கள். அவர்கள் தங்கள் வலிக்குக் கிட்டத்தில் இருக்கிற கட்டத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். தட்டிய கட்டத்துக்கு மட்டும் பதில் சொன்னால் வழக்கில் ஜெயிக்கலாம், புகார் தீராது. திங்கட்கிழமை முதல் இதை மறக்காதே.

நீ அப்போது செய்ததற்காக எனக்கு இன்றைக்கும் பெருமை. சாக்குச் சொல்லவில்லை. "நான்தான் வெட்டினேன் ஆன்டி. ஆரம்பம் நீளமா இருந்தா ஜனங்க தள்ளிட்டுப் போயிருவாங்கன்னு சொன்னாங்க" என்றாய்.

"யாரு சொன்னா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன், "நான் வேலை செய்யுற கம்பெனி."

"நல்ல குடும்பம்லா!" என்று புஷ்பா கைதட்டினாள். அதோடு கோபம் பாதி போயிற்று. எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, உனக்கு ஒரு காய்கறிப் பெட்டி. பேரம் தொடங்கியது. "சரி. வணக்கத்தைத் திரும்ப ஒட்டு. எழுதுனது எங்க செல்வம் அண்ணன்னு போடு. நான் புகாரைத் தூக்கிடுறேன்" என்றாள். நீ 'சரி' என்று சொல்ல வாயெடுத்தாய். உனக்குத் தைப்பூசம் தெரிந்தது, கணக்கு தெரிந்தது. நான் உன் தோளில் கைவைத்தேன்.

"அதை மட்டும் செய்ய முடியாது, புஷ்பா" என்றேன்.

அவள் முகம் மறுபடி இறுகியது. "ஏன் முடியாது? எங்க அண்ணன் குரல்லதான் இந்தப் பாட்டே ஊருக்குத் தெரியும்."

"பாடினவர்னு தாராளமா போடலாம். எழுதினவர்னு போட்டா, என் மகன் செஞ்ச அதே தப்பை உங்க பேர்லயும் செஞ்ச மாதிரி ஆயிரும். நான் சுங்கை சிப்புட்ல தோட்டத்துல பிறந்தவ. சாமி பேரும் ஊர் பேரும் மட்டும் வேற, இதே பாட்டை அங்கயும் பாடுவாங்க. நாளைக்கு அங்கருந்து ஒருத்தர் உங்க மேல புகார் கொடுத்தா என்ன செய்வீங்க?"

நீ என்னை எரிப்பதுபோல் பார்த்தாய். கைக்கு எட்டியதை அம்மாவே தட்டிவிட்டாள் என்று அப்போது நீ நினைத்தாய், இல்லையா? அதுவும் நியாயம்தான். அந்த நேரம் பார்த்து, முட்டைக்கோசுப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு லாரியிலிருந்து வந்தார் செல்வம் அண்ணன். புஷ்பா அவரிடம் முறையிட்டாள். அவர் பெட்டியை இறக்கி, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நான் எங்க எழுதுனேன்? என் கல்யாணப் பத்திரிகையில என் மாமனார் பேரையே தப்பா எழுதிக் குடுத்தவன் நானு. பாடுனேன், அவ்வளவுதான். கட்டுனது யாருன்னு முனியாண்டிக்குத்தான் வெளிச்சம்."

"மானத்த வாங்குறீங்களேண்ணே" என்று புஷ்பா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். அந்தக் காய்கறிக் கடையில் நாம் முடிவு செய்ததை எந்த வழக்கறிஞர் அலுவலகமும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்காது. இரண்டு குழுவின் பதிவிலும் 'மரபுப் பாடல்'. யார் பாடினார்களோ அவர்கள் பெயர் பாடினவர் என்று. யார் பதிவு செய்தார்களோ அந்தப் பதிவு அவர்களுக்குச் சொந்தம். இன்னொரு கோயிலிலிருந்து எடுத்துப் பாடுகிறவர்கள் முதல் வணக்கத்தை விடக்கூடாது. புஷ்பா தன் பழைய பதிவையும் திருத்த ஒப்புக்கொண்டாள். புறப்படும்போது ஒரு பை நிறையக் கத்திரிக்காயைத் திணித்து, "சண்டைக்கு வந்தவங்களுக்குக் குடுக்குறேன் பாருங்க" என்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வணக்கத்தைப் பதிவு செய்ய செல்வம் அண்ணன் லாரியோடு புந்தோங்குக்கு வந்தார். நம் சந்தே அடைத்துப்போய், பக்கத்து வீட்டு மனிதர் காரை எடுக்க முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். உன் அறையில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்து, அவரை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினாய். "மெதுவாக் கூப்பிடுங்கண்ணே" என்றாய். "சாமியை யாரு மெதுவாக் கூப்பிடுவா?" என்று கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். ஹாரன் நின்றுவிட்டது. அந்த மனிதர் காரை அப்படியே விட்டுவிட்டு நம் வாசலில் வந்து நின்றார்.

புஷ்பாவின் விலகல் வந்தும் சூ லின் உடனே பாட்டைத் திறந்துவிடவில்லை. இயற்றியவர் பெயரை மாற்றியதற்கு இரண்டு தரப்பின் ஒப்புதலும் தனித்தனியாக வேண்டும் என்று திருப்பி அனுப்பினாள். வந்தபிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி படித்தாள். "உன் மகன் என்பதால்தான் இரண்டு தடவை பார்த்தேன். நாளைக்கு யாரும் உன்னைக் கேள்வி கேட்கக் கூடாது" என்று தன் மலாயில் சொன்னாள். பிறகு திறந்தாள். உன் மேல் இருந்த புகார் நீங்கியது, கணக்கு பிழைத்தது, பாட்டுகள் அத்தனையும் நின்றன. என் விரல் ஒரு இடத்தில்கூடப் படவில்லை, கதிர். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. ஒரு கிளிக்கில் வந்திருந்தால் அந்தப் பாட்டை நான் தலைகுனிந்துதான் கேட்டிருப்பேன்.

தைப்பூசத்தன்று என்ன நடந்தது என்று ஈப்போவைக் கேட்டால் சொல்லும். தண்ணீர்ப் பந்தல்களில் அந்தப் பாட்டு, மோட்டார் சைக்கிள்களில் அந்தப் பாட்டு, பிள்ளைகள் எடுத்த காணொளிகளில் எல்லாம் செல்வம் அண்ணனின் குரல். ஜனங்கள் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து நீ வெட்டினாயே, அந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். சாலையில் உங்கள் குழு பாட நின்றபோது, நீங்கள் தொடங்குவதற்கு முன்பே கூட்டம் ஆத்தங்கரை முனிக்கு வணக்கம் சொல்லிவிட்டது. தெலுக் இந்தான் குழு எதிர்ப்பக்கத்திலிருந்து மேளத்தோடு வந்து சேர்ந்துகொண்டது. நீ அழுததை நான் பார்த்தேன். வியர்வை என்று சொன்னாய், சரி.

இதன் கடைசிப் பகுதி உனக்குத் தெரியாது. போன வாரம் நீ கோலாலம்பூரில் வாடகை அறை தேடிப் போயிருந்தபோது புஷ்பா கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "அக்கா, அநியாயம்! யாரோ புதுக் குழு நம்ம பாட்டை அப்படியே எடுத்துப் போட்டிருக்கானுங்க! எழுதுனது அவனுங்களாம்! நம்ம பாட்டுக்கா!"

'என் பாட்டு' என்ற கட்டத்தைத் தட்டியவள் 'நம்ம பாட்டு' என்கிறாள். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "என் மகன் வந்ததும் புகார் எழுதச் சொல்றேன்" என்றேன்.

"புகாரா? எதுக்கு? நான் அந்தப் பசங்களுக்குப் போன் போட்டுட்டேன்லா. உங்க கோயில் எது, யாருகிட்ட கத்துக்கிட்டீங்க, ஏன் பேரு விட்டுப்போச்சுன்னு கேட்டேன். சின்னப் பசங்கக்கா, ஏத்துற எடத்துல ஏதோ பேரு கேட்டுச்சுன்னு போட்டுட்டானுங்களாம். நாளைக்குச் சரி பண்ணிருவானுங்க. ஞாயித்துக்கிழமை இங்க சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வாங்க."

நான் ஞாயிற்றுக்கிழமை தெலுக் இந்தான் போகிறேன். நீ மறுநாள் வேலைக்குச் சேரவேண்டும், தெரியும். இருந்தாலும் நீயும் வா. உன் வேலையை உன்னைவிட நன்றாகச் செய்கிற ஒருத்தியின் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போய் அந்த மேசையில் உட்கார்.

அம்மா